பெட்ரோல் கசிந்த இடத்தில் நிலத்தடி நீர்க் கண்காணிப்பு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பெட்ரோல் பங்க், டீசல் தொட்டி, பஸ் டிப்போ, பழைய ஒர்க் ஷாப் என்று எரிபொருள் கசிந்த இடங்களில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஓர் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, கையில் லேப் ரிப்போர்ட்டோடு குழம்பி நிற்பவர்களுக்கும் இது உதவும். மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். வைகைக் கரையோர மணலை விட்டுவிட்டால், இங்கே மேலே கொஞ்சம் செம்மண்ணோ கரிசலோ இருக்கும். அதற்குக் கீழே நைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பு ஓடிய கெட்டிப் பாறை. மணல் பூமியை வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் பாதிதான் இங்கே செல்லும்.

"எண்ணெய் இருக்கிறது" என்று வரும் முடிவைவிட, "இல்லை" என்று வரும் முடிவைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இருக்கிறது என்று வந்தால் யாராவது மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள். இல்லை என்று வந்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாகத் தண்ணீரைக் குடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு கோளாறிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கிணற்றால், இந்தப் பாட்டிலால், இந்தச் சோதனையால் எண்ணெயைப் பார்த்திருக்க முடியுமா என்பதுதான்.

வேலை தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள்ளும் அடித்தளத்திலும் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றும். வாடை அடிக்கும் கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். பக்கத்தில் மோட்டார் சுவிட்சைத் தொட வேண்டாம், பீடி, சிகரெட் வேண்டாம். வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்ற கருவிகளை மட்டும் உள்ளே விடுங்கள்.

வாடை அடிக்கிறது, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை

அடிக்கடி வரும் புகார் இது. ரிப்போர்ட்டில் என்ன சோதனை செய்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பல ரிப்போர்ட்டுகளில் "ஆயில் அண்ட் கிரீஸ்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்தச் சோதனையில் தண்ணீரில் உள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் இழுத்து, கரைப்பானைச் சூடேற்றி ஆவியாக்கி, மிஞ்சியதை எடை போடுவார்கள். பெட்ரோலின் லேசான பகுதியெல்லாம் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். கிரீஸ், கனமான எண்ணெய் என்றால் அது சரிதான், பெட்ரோலுக்கு உதவாது. நீங்கள் கேட்க வேண்டியது பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும். பிடெக்ஸ் என்று சொன்னால் லேப்பில் புரிந்துகொள்வார்கள். டீசல்மீதும் சந்தேகம் இருந்தால் நாஃப்தலீனையும், டீசல் வரம்புக்கான பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்து, லேப் எவ்வளவு குறைந்த அளவுவரை அளக்கும் என்பது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ரிப்போர்ட்டில் "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று இருந்து, அந்த எல்லையே 100 மைக்ரோகிராமாக இருந்தால், குடிக்கக் கூடாத தண்ணீருக்கும் அதே வரிதான் வரும். எல்லை எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். லேப்புக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரை எங்கே பிடித்தார்கள் என்பது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடித்திருந்தால் ஆவியாகும் பென்சீன் போன்றவை பாதி வழியிலேயே போயிருக்கும். நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளிலும் தோட்டங்களிலும் கம்ப்ரசர் போர்தான். குழாய் வழியாகக் காற்றை அடித்துத் தண்ணீரைத் தூக்குகிறார்கள். அந்தக் காற்றே பென்சீனைத் தண்ணீரிலிருந்து பிரித்துக்கொண்டு வெளியேறிவிடும். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கு வாடை மூக்கைத் துளைக்கும், பாட்டிலில் பிடித்த தண்ணீரோ சுத்தமாக வரும். கம்ப்ரசரை நிறுத்தி, நீர்மட்டம் அடங்கியபின், மெல்லிய பெய்லரை (கயிற்றில் கட்டித் தண்ணீர் அள்ளும் குழாய்) இறக்கி எடுங்கள். கம்ப்ரசர் குழாய் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரருக்கு அது பெரிய வேலை. முந்தின நாளே போய்ச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

மூக்கை நம்பலாமா? வாடை அடித்தால் நம்பலாம், அடிக்காவிட்டால் நம்பக் கூடாது. நம் மூக்குக்கு எளிதில் எட்டுவது டொலுயீனும் எத்தில்பென்சீனும் சைலீனும். 10 மைக்ரோகிராம் பென்சீனை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது. ஆனாலும் அக்கம்பக்கத்தாரின் மூக்கைப் போன்ற முன்னெச்சரிக்கை கிடையாது. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் போன குழாயிலிருந்து எரிபொருள் கசிந்தது வெளியே வந்ததே குடியிருப்போரின் கிணற்றுத் தண்ணீர் மூலமாகத்தான். அதனால் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். "அக்கா, உங்க போர்ல எந்த மாசம் வாடை வருது? மோட்டார் போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் ஓடின பிறகா?" என்று கேட்டால் ஒரு சுற்றுப் பரிசோதனை சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள். உடனே வந்தால் குழாய்க்குள்ளேயோ கிணற்றின் மேற்பரப்பிலோ நிற்கிறது. நேரமாகி வந்தால் தள்ளி இருக்கும் வெடிப்பிலிருந்து இழுபட்டு வருகிறது.

குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடை வந்த தேதி, மாதிரி எடுத்த விதம், ரிப்போர்ட் மூன்றையும் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். மாசுபட்ட தளங்களுக்கென்றே மத்திய அரசு 2025-ல் தனி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

தண்ணீரின் மேல் வானவில் படலம்

குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து, உடைந்தது உடைந்தபடியே மிதந்தால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை. கலைத்ததும் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

எண்ணெய்தான் என்றாலும் பெட்ரோல் பங்கைக் கைகாட்டும் முன் கிணற்றையே விசாரியுங்கள். போர் புதிதா? பாறையில் துளைபோடும் ரிக் வண்டியின் சுத்தியலுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டே அடிப்பார்கள், அது துளைக்குள் தங்கும். கம்ப்ரசர் போர் என்றால் தேய்ந்த கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் காற்றோடு உள்ளே போகும். நீர்மூழ்கி மோட்டாரில் எண்ணெய் நிரப்பிய வகையும் உண்டு, சீல் போனால் கசியும். இவை எல்லாம் கனமான மசகு எண்ணெய்கள். பிடெக்ஸ் அநேகமாக இருக்காது. லேப்பில் கேஸ் குரோமட்டோகிராம் படத்தை, அதாவது எண்ணெயின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை, கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், டீசல், மசகு எண்ணெய் மூன்றும் அதில் வேறு வேறு இடத்தில் எழும்பும்.

வைகாசியில் மிதந்த எண்ணெய் கார்த்திகையில் காணோம்

யாரும் அள்ளவில்லை, எண்ணெய் எங்கேயும் போகவில்லை. இந்த வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டியதும் நீர்மட்டம் மளமளவென்று ஏறும். எண்ணெயும் கூடவே ஏறினாலும், அதில் பெரும்பகுதி மண் துளைகளிலும் வெடிப்புகளிலும் சிக்கி, தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய எண்ணெய் கிணற்றுக்குள் ஓடி வராது. கோடையில் மட்டம் இறங்கும்போது விடுபட்டு மறுபடி எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் மிதக்கும் எண்ணெய் இல்லையே என்று நிம்மதி அடைகிற அதே நேரத்தில், தண்ணீரில் கரைந்த பென்சீன் கூடியிருக்கலாம். எண்ணெய் முழுக்கத் தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கும் நேரம் அதுதான்.

இதைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு. கண்காணிப்புக் கிணற்றின் பிவிசி குழாயில் துளையிட்ட பகுதி 9 மீட்டரில் தொடங்கி 15 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர்மட்டம் 11 மீட்டரில் இருந்தது, எண்ணெய் துளை வழியாக உள்ளே வந்தது, அளந்தீர்கள். மழைக்குப் பிறகு மட்டம் 5 மீட்டருக்கு ஏறிவிட்டது. எண்ணெய் இப்போது 5 மீட்டர் ஆழத்தில், துளை இல்லாத குழாய்க்கு வெளியே மிதக்கிறது. உள்ளே வர வழியே இல்லை. அந்தச் சுற்றில் அந்தக் கிணறு சாட்சி சொல்லத் தகுதியற்றது. ரிப்போர்ட்டில் "எண்ணெய் இல்லை" என்று எழுதாமல், "நீர்மட்டம் துளைப் பகுதிக்கு மேலே, எண்ணெய் பார்க்க இயலாது" என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே துளை தொடங்கும் ஆழத்தையும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இது தானே கண்ணில் படும். சரிசெய்ய, அதே இடத்தில் 3 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை துளையிட்ட இன்னொரு ஆழமில்லாத கிணறு போட வேண்டும். ஒரே குழாயில் 3 முதல் 15 வரை துளை போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். எண்ணெய் தெரியும், ஆனால் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலந்து பென்சீன் அளவு நீர்த்துக் காட்டும். மேலே இருக்கும் மாசு கீழே இறங்கவும் அதுவே பாதையாகிவிடும். இரண்டு கிணறு போடுவதுதான் நல்லது.

வீட்டுப் போர்களில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மை. கெட்டிப் பாறை வரும்வரை கேசிங் பைப்பை இறக்கி நைந்த பாறையை அடைத்துவிடுகிறார்கள். எண்ணெய் மிதப்பதோ அந்த நைந்த பாறையில். அதனால் வீட்டுப் போரில் கரைந்த மாசு ஒருநாள் வரலாம், மிதக்கும் எண்ணெய் பெரும்பாலும் வராது. வந்தால் கேசிங் இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் குடிக்கிறார்கள் என்பதற்காக வீட்டுப் போரைக் கட்டாயம் சோதியுங்கள். மாசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று வரைபடம் போட அதை நம்பாதீர்கள்.

கிணற்றில் அரை மீட்டர் எண்ணெய், பூமிக்குள்ளும் அவ்வளவா?

இல்லை. கிணற்றுக்குள் தெரியும் தடிமன் வெளியே இருப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். வெடிப்புப் பாறையில் ஒரு மெல்லிய வெடிப்பு நிறைய எண்ணெய் இருந்தாலே கிணற்றில் உயரமாக நிற்கும். உள்ளே இருப்பதை அள்ளிவிட்டு, திரும்ப ஊற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் பழையபடி நின்றால் எண்ணெய் ஓடும் நிலையில் இருக்கிறது. வாரங்கள் ஆனால் அள்ளிப் பெரிதாகப் பயன் இருக்காது.

அளக்கச் சாதாரண நீர்மட்ட டேப் போதாது. எண்ணெயில் மின்சாரம் கடக்காததால், எண்ணெயைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டபிறகுதான் அது கூவும். இரண்டையும் வேறு வேறு ஒலியில் காட்டும் இன்டர்ஃபேஸ் ப்ரோப் வேண்டும். கிடைத்த நீர்மட்டத்தையும் திருத்தியாக வேண்டும். 0.5 மீட்டர் பெட்ரோல் நின்றால், அதன் அடர்த்தி எண் ஏறக்குறைய 0.75 என்பதால், உண்மையான நீர்மட்டம் அளந்ததைவிட 0.375 மீட்டர் மேலே இருக்கும்.

ஓட்டத் திசை வரைபடம் ஏறுக்குமாறாக வருகிறது

முதலில் சாதாரணக் காரணங்கள். எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் அளந்தீர்களா? பக்கத்தில் தண்ணீர் லாரிக்கு இறைக்கும் போர் ஓடிக்கொண்டிருந்ததா? குழாயின் வாய் மட்டத்தை சர்வே செய்தபின் யாராவது குழாயை வெட்டிச் சரிசெய்தார்களா? மேலே சொன்ன எண்ணெய்த் திருத்தத்தைப் போட்டீர்களா?

இவை எல்லாம் சரியென்றால் கண்மாயைப் பாருங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய் நிறைந்ததும் சுற்றியுள்ள நிலத்தடி நீரை ஊட்டத் தொடங்கும். வண்டியூர், மாடக்குளம் போன்ற பெரிய கண்மாய்களின் ஓரத்தில் ஒரு தளம் இருந்தால், மே மாத ஓட்டத் திசையும் ஜனவரி மாத ஓட்டத் திசையும் எதிரெதிராக இருக்கலாம். இரண்டுமே உண்மைதான். சராசரி எடுத்து ஒரே அம்பாக வரையாதீர்கள், மாசு இரண்டு பக்கமும் போகும்.

பாறையில் இன்னொன்றும் நடக்கும். பக்கத்துக் கிணற்றைத் தொடாமல், வெடிப்பு வழியாகத் தள்ளி இருக்கும் கிணற்றில் மாசு முளைக்கும். மூன்று கிணற்று மட்டத்தை வைத்து வரைந்த அம்புக்குறி இதைக் காட்டாது. வட்டாரத்தில் உள்ள கல்குவாரிச் சுவர்களிலும் திறந்த கிணறுகளின் உள்சுவரிலும் வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று போய்ப் பார்த்து, அந்தத் திசையில் ஒரு கிணறு போடுங்கள்.

அமிலம் விட்ட குப்பியில் குமிழி

பிடெக்ஸ் மாதிரிக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, காற்றே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, மூடிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் பைகார்பனேட் மிகுந்த கடின நீர். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும், அந்தக் குமிழிக்குள் பென்சீன் ஏறிக்கொள்ளும். எத்தனை தடவை நிரப்பினாலும் குமிழி வந்தால் உங்கள் கையில் தவறில்லை, தண்ணீர் அப்படிப்பட்டது. ஒரு உபரிக் குப்பியில் முதலிலேயே சோதித்துப் பாருங்கள். பொங்கினால் அமிலம் விடாமல் எடுத்து, 4 டிகிரிக் குளிரில் வைத்து, 7 நாளுக்குள் சோதித்து முடிக்கச் சொல்லுங்கள். அமிலம் விட்டதென்றால் 14 நாள் அவகாசம் உண்டு. குப்பி சென்னைக்குப் போக வேண்டுமென்றால் இந்த வித்தியாசம் பெரிது, லேப்பிடம் முன்கூட்டியே நாள் பேசி வையுங்கள். சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டியைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவது மாதிரியைக் கொட்டிவிடுவதற்குச் சமம்.

திறக்காத குப்பியில் டொலுயீன்

லேப்பிலேயே சுத்த நீர் நிரப்பி, உங்களோடு ஊர்சுற்றி, திறக்காமலே திரும்பும் குப்பி ட்ரிப் பிளாங்க். அதில் டொலுயீன் வந்தால் மாசு பயணத்திலோ லேப்பிலோ சேர்ந்தது. ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேன் அதே வண்டியில் வந்ததா என்று கேளுங்கள். பெர்மனன்ட் மார்க்கர், ஒட்டும் டேப், பிவிசி பசை எல்லாமே கரைப்பான் வாடை விடுபவை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட்டினால் காற்றடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம், தள்ளி வையுங்கள். கைக்கருவிகளில் சந்தேகம் என்றால், கழுவிய பெய்லர் வழியாகச் சுத்த நீரை விட்டு இன்னொரு குப்பி எடுங்கள். எப்போதும் சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள்.

ஒரே கிணறு, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண்

பென்சீன் லிட்டருக்கு ஒரு சுற்றில் 40 மைக்ரோகிராம், அடுத்த சுற்றில் 900 என்று தாவினால், இரண்டு தடவையும் ஒரே மாதிரி எடுத்தார்களா என்று களக் குறிப்பைப் பாருங்கள். குறிப்பு இல்லை என்றால் அந்த எண்களை ஒப்பிடவே வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரை மூன்று மடங்கு இறைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. 165 மில்லிமீட்டர் போரில் மீட்டருக்கு 21 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். 60 மீட்டர் தண்ணீர் நின்றால் மூன்று மடங்கு என்பது ஏறக்குறைய 3,850 லிட்டர். அவ்வளவும் இறைத்தால் எங்கிருந்தோ இழுத்த தண்ணீரைத்தான் பிடிப்பீர்கள். இறைத்த மாசு நீரைக் கொட்ட இடமும் இருக்காது. சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது, பேரலில் பிடித்து முறையாக அப்புறப்படுத்த வேண்டும். அதைவிட, துளைப் பகுதியில் சின்ன பம்பை நிறுத்தி நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மெதுவாக இறையுங்கள். மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து மூன்று தடவை பிஎச் 0.1-க்குள்ளும், மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் குப்பியை நிரப்பலாம்.

எண் நம்ப முடியாத அளவு பெரிதாக இருந்தால், கரைந்த பென்சீனோடு எண்ணெய்த் துளியும் குப்பிக்குள் போயிருக்கும். இப்போது விற்கும் பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பெட்ரோலோடு ஒட்டி நிற்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம்தான் பென்சீன் கரையும். 2010-க்கு முந்தைய கசிவு என்றால் இன்னும் கூடலாம். 100 மில்லிகிராம் என்று வந்தால் அது துளிதான். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் தடிமனை மட்டும் அளந்தால் போதும், கரைந்த அளவுக்கு மாதிரி அனுப்ப வேண்டாம்.

ஆக்சிஜன் இல்லை, அழுகிய முட்டை வாடை

நுண்ணுயிர்கள் எரிபொருளைத் தின்னும்போது ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் என்று வரிசையாகத் தீர்த்துவிடும். சல்பேட் தீரும்போதுதான் அழுகிய முட்டை வாடை வரும். கரைந்த இரும்பு கூடும், கடைசியில் மீத்தேன் வரும். மாசு தானாகக் குறைகிறது என்பதற்கு இதை நல்ல அடையாளமாகக் காட்டுவார்கள். நகருக்குள் கழிவுநீரும் இதே வேலையைச் செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. தளத்துக்கு மேற்புறத்தில், எரிபொருள் எட்டாத ஒரு கிணற்றில் அதே அளவுகளை எடுங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் சாக்கடையின் கைவரிசை. பென்சீன் குறைந்ததாகக் காட்டாமல், வெறும் இரும்பையும் சல்பேட்டையும் வைத்துத் தானாகச் சரியாகிறது என்று எழுதுவதை ஏற்கக் கூடாது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்த இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும். நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பென்சீன் மிஞ்சி இன்னும் தூரம் போகும். மீத்தேனும் கூடும் என்பதால் பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளத்தில் வாயு அளவையும் பாருங்கள்.

நாலு சுற்றாகச் சுத்தம், நிறுத்திவிடலாமா?

அந்த நாலு சுற்றில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்த நேரமும் மிக உயர்ந்த நேரமும் அடங்கியதா என்று பாருங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளை ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நாலு தடவை அளக்கிறது. நீங்களும் அதையொட்டி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. மழை பொய்த்த ஆண்டின் நாலு சுற்றை நான் முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இறைத்துச் சுத்திகரிக்கும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது கிடைத்த சுத்தமும் கணக்கில் வராது. பம்பை நிறுத்தி, ஒரு மழைக்காலம் கடந்து, எண் மறுபடி ஏறவில்லை என்று பார்த்தபின்தான் பேச வேண்டும். தொட்டியும் குழாயும் கசிவுச் சோதனையில் தேறினவா என்பதையும் கேளுங்கள்.

எல்லாம் சரியாகி நிறுத்தினால், கிணற்றை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். மூடி தொலைந்த கண்காணிப்புக் குழாய் அடுத்த மழையில் ரோட்டு எண்ணெயை நேரே நிலத்தடி நீருக்குள் இறக்கும். அடியிலிருந்து வாய்வரை பென்டோனைட் களிமண்ணும் சிமென்ட் பாலும் விட்டு அடைத்து, அடைத்த தேதியையும் இடத்தின் அளவையும் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுங்கள்.